பற்றாத மருந்து

1841 மே 30. சீனாவின் கான்டன் நகருக்கு வடக்கே, சான்யுவான்லி என்ற ஊரை ஒட்டிய வயல்வெளி. முதல் அபினிப் போரின் நடுவில், முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையிலிருந்து கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவு ஒன்று மட்டும் பிரிந்துபோனது. இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகி, வழி எது வயல் எது என்று தெரியாமல் போயிற்று. பிரிந்துபோனவர்கள் மதராஸ் சுதேசிக் காலாட்படையின் 37ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த சிப்பாய்கள். அறுபது பேர் அளவில் இருந்தார்கள். ஈட்டியும் நீண்ட கழியில் மாட்டிய கொக்கியும் ஏந்திய ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சிப்பாய்கள் விசையை இழுத்தார்கள். கல்லைக் கடித்திருக்கும் ‘குதிரை’ என்ற உறுப்பு விழுந்தது, கல் எஃகில் உரசியது, மருந்து பற்றவில்லை. குழலின் பக்கத்தில் இருக்கும் சிறு கிண்ணியில் இருந்த வெடிமருந்து மழையில் ஊறிக் களியாகியிருந்தது. சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை நீட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. அந்தக் கத்திக்குப் பழைய தமிழில் ‘சனியன்’ என்று பெயர். ‘சங்கீன்’ என்ற இந்துஸ்தானிச் சொல் சிப்பாய்களின் வாயில் அப்படித் திரிந்தது. கிரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் பெயர் பிழையாகப் பொருந்தவில்லை.

அன்றைய போர்க்குறிப்புகளில் ஒரு சிறிய காட்சி வருகிறது. விழுந்துபோன சிப்பாய் ஒருவரின் துப்பாக்கியைச் சீனர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். புதரின் மறைவில் நின்று, கிண்ணியில் தன்னிடமிருந்த காய்ந்த மருந்தைக் கொட்டுகிறார். கல்லை அவர் நம்பவில்லை. தன் கையிலிருந்த கனலும் திரியை எடுத்து மருந்தில் வைக்கிறார். வெடிக்கிறது, ஓர் அதிகாரிக்குக் கையில் காயம். நூறு ஆண்டுகளுக்கும் முன்பே காலாவதியாகிவிட்டது என்று ஐரோப்பா ஒதுக்கிய முறை, அந்த ஒரு நிமிடத்துக்கு, ஐரோப்பாவின் துப்பாக்கியைவிட நன்றாக வேலை செய்தது.

இருட்டிய பின்பு, தொலைந்த கம்பெனியைத் தேடி இரண்டு கம்பெனி கடற்படை வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் இருந்தது வேறு வகைத் துப்பாக்கி. கல் இல்லை, கிண்ணி இல்லை; தொப்பி போன்ற சிறு செப்பு மூடியைக் குதிரை தட்டினால் வெடிக்கும். அவை அதே மழையில் வெடித்தன. கூட்டம் விலகியது. சிப்பாய்களில் ஒருவர் இறந்திருந்தார். பதினைந்து பேர் அளவில் காயமடைந்திருந்தார்கள்.

மழையில் வெடிக்கும் அந்தத் தட்டு முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது 1807இல். கான்டன் சம்பவம் 34 ஆண்டுகளுக்குப் பிறகு. கண்டுபிடித்துவிட்ட ஒன்று சிப்பாயின் கைக்கு வர ஒரு தலைமுறை பிடித்திருக்கிறது. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த இடைவெளிதான். குழல் எத்தனை அடி, குண்டு எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற விவரங்கள்.

கயிற்றில் கட்டிய நெருப்பு

வெடிமருந்தின் கலவை எளியது. நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. சீனாவில் 1044இல் தொகுக்கப்பட்ட படைநூல் ஒன்றிலேயே வெடிமருந்துச் சேர்மானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒருபக்கம் மூடிய இரும்புக் குழல், மூடிய பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு தீத்துளை, உள்ளே மருந்தும் குண்டும்: துப்பாக்கி என்பது இவ்வளவே. காலாட்படையின் குழல் நானூறு ஆண்டுகளுக்கு அடிப்படையில் மாறவில்லை. அந்தத் துளைக்கு நெருப்பை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

முதலில் கையால் கொண்டுபோனார்கள். ஒரு கையில் குழல், மறு கையில் கொள்ளி. குறிபார்க்க மூன்றாவது கை வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கொல்லர்கள் அந்த மூன்றாவது கையை இரும்பில் செய்து கொடுத்தார்கள். பாம்பு போல் வளைந்த நெம்புகோல், அதன் வாயில் வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிற்றுத் திரி. விசையை அழுத்தினால் பாம்பு தலையைக் குனிந்து கனலைக் கிண்ணி மருந்தில் வைக்கும். இதுதான் திரித் துப்பாக்கி. சிப்பாயின் இரு கண்ணும் இரு கையும் இலக்கின் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்தத் திரி அணையாமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எதிரி வந்தபின் பற்றவைக்கலாம் என்று காத்திருக்க முடியாது. காவல் நிற்பவர் இரவு முழுவதும் கயிற்றை எரிப்பார். இருளில் அந்தச் சிவப்புப் புள்ளி அவர் எங்கே நிற்கிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லும். ஒரு முனை அணைந்தால் மறுமுனை கைகொடுக்கட்டும் என்று இரண்டு முனையையும் எரியவிடுவார்கள். மார்பில் மருந்துக் குப்பிகள் தொங்க, விரலிடுக்கில் நெருப்புடன், தோளோடு தோள் உரச நூறு பேர் நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். 1607இல் டச்சுப் படைக்காக அச்சான பயிற்சிப் படநூலில், மஸ்கட் என்ற காலாட்படைத் துப்பாக்கியைக் கெட்டித்து, அதாவது மருந்தும் குண்டும் திணித்து, சுட்டு மறுபடி கெட்டிப்பது வரை நாற்பதுக்கும் மேற்பட்ட நிலைகள் தனித்தனியாக வரையப்பட்டிருக்கின்றன. பலரும் அதை ஒழுங்குமீது கொண்ட வெறி என்று படிக்கிறார்கள். நான் அதை அச்சம் என்று படிக்கிறேன். அந்தப் படங்களைப் புரட்டினால் திரியைக் கழற்றுவதும், ஊதுவதும், மாட்டுவதும், மருந்திலிருந்து தள்ளிப் பிடிப்பதும் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆசியா திரித் துப்பாக்கியை வாங்கிக்கொண்ட வேகம் வியப்பானது. 1543இல் ஜப்பானின் தனேகாஷிமாத் தீவில் போர்த்துகீசியர் வந்து இறங்கினார்கள். 1575இல் நாகஷினோ போர்க்களத்தில் ஓடா நொபுனாகாவின் துப்பாக்கி வீரர்கள் தகேடாக் குதிரைப்படையை மரத்தடுப்புகளுக்குப் பின்னால் நின்று சிதைத்தார்கள். இடையில் 32 ஆண்டுகள்தான். இந்தியாவில் பாபர் 1526இல் பானிபட்டில் இறக்கிய படையில் திரித் துப்பாக்கி இருந்தது. பின்னாளில் பாளையக்காரர்களின் படைகளிலும், கண்டி அரசின் படையிலும் துப்பாக்கி புழங்கியது. கண்டித் துப்பாக்கியைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். அதன் மரக்கட்டை பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து சுருளும். மற்ற நாடுகளில் வலப்பக்கம் இருக்கும் பொறி, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் இயந்திரம், அதில் இடப்பக்கம் இருக்கும்.

ஐரோப்பா கல்லுக்கு மாறிய பின்னும் இந்தியா திரியை விடவில்லை என்பதைப் பின்தங்கியதற்கு அடையாளமாக எழுதும் பழக்கம் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. கல் துப்பாக்கிக்குச் சரியான பதத்தில் காய்ச்சிய எஃகு வில் வேண்டும், நல்ல சக்கிமுக்கிக் கல் வேண்டும். திரித் துப்பாக்கிக்கு உள்ளூர்க் கொல்லரும் கயிறும் போதும். கல்லில் பொறி வராமல் போகலாம். கனலும் திரி, காய்ந்த மருந்தை ஏமாற்றாது. கல் விழும் அதிர்ச்சி இல்லாததால் குறியும் ஆடாது. ஒரு சிற்றரசருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திரிதான் லாபம். கல்லின் அருமை, ஆயிரக்கணக்கானவர்களை நெருக்கமாக நிறுத்தி ஒரே நேரத்தில் சுட வைக்கும் படைக்குத்தான் தெரியும். விரலிடுக்கில் நெருப்பு இல்லையென்றால் வீரர்களை இன்னும் நெருக்கி நிறுத்தலாம் அல்லவா?

நடுவில் சக்கரப் பொறி என்று ஒன்று வந்தது. கடிகாரம் போல் சாவி கொடுத்து முறுக்கினால் எஃகுச் சக்கரம் சுழன்று பொறி தெறிக்கும். அழகான வேலை, ஆளை விழுங்கும் விலை. குதிரை மேல் இருந்தபடி கைத்துப்பாக்கி வைத்திருந்த பிரபுக்களோடு அது நின்றுவிட்டது.

கல், எஃகு, பல்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில், அரசவைக்கு வேலை செய்த மரென் லெ பூர்ஷ்வா என்ற கைவினைஞரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல் பொறி உருவானது. தோல் துண்டில் பொதிந்த கல்லைக் குதிரையின் தாடை கடித்துக்கொண்டிருக்கும். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் மோதும். அந்த மோதலே தகட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கிண்ணியைத் திறக்கும். பொறி கிண்ணி மருந்தில் விழும். அங்கே எழும் சுவாலை தீத்துளை வழியாக உள்ளே போகும். கிண்ணிக்கு மூடி கிடைத்துவிட்டதால் சாரல் மழையைத் தாங்கும். கொட்டும் மழையைத் தாங்காது.

குதிரை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லைக் கடித்தபடி முன்னால் பாயும் அந்த உறுப்பு ஆங்கிலேயர் கண்ணுக்கும் ஜெர்மானியர் கண்ணுக்கும் கொத்தும் சேவலாகத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நாய் என்றார்கள். நாம் குதிரை என்றோம். பாய்வதைப் பார்த்தால் நம் பெயர்தான் பொருத்தம் என்பேன். எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம்.

பிரான்ஸ் 1717இல் தன் காலாட்படைக்கு ஒரே மாதிரித் துப்பாக்கியை நிர்ணயித்தது. பிரிட்டன் 1720களில் அதையே செய்தது. ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லப்பெயர் பெற்ற அந்த மஸ்கட்டின் முதல் வடிவத்தில் குழல் 46 அங்குலம்; பிறகு 42 ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக 39 அங்குலக் குழலில், வேலைப்பாட்டைக் குறைத்து, மலிவாக ஒன்றைச் செய்யச் சொன்னது. 1790களில் பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசிடம் துப்பாக்கி போதவில்லை. கம்பெனிக்காகச் செய்து வைத்திருந்தவற்றை அரசு வாங்கியது. வாங்கிப் பார்த்தபின், இதையே எல்லோரும் செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் காலாட்படையின் தோளில் இருந்தது பெரும்பாலும் ‘இந்தியா மாதிரி’ என்று பெயர்பெற்ற இந்தத் துப்பாக்கிதான். சிப்பாய்க்குப் போதும் என்று நினைத்துச் செய்த மலிவுச் சரக்கு, ஒரே ஒரு முறை, எதிர்த்திசையில் பயணப்பட்டது.

அதன் குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம். குண்டு 0.69 அங்குலம் அளவில். வேண்டுமென்றே வைத்த இடைவெளி அது. நாலைந்து முறை சுட்டதும் குழலுக்குள் கரி படியும். குண்டு இறுக்கமாக இருந்தால் கெட்டிக்க முடியாது. ஆகவே குண்டு குழலுக்குள் உருண்டு, பக்கச்சுவரில் முட்டி, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் பறந்தது. ஜார்ஜ் ஹேங்கர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1814இல் இதைப் பற்றி எழுதினார். 80 கஜத்தில் ஆளை அடிக்கலாம், ஒருவேளை 100 கஜத்திலும். 200 கஜத்தில் இருப்பவரைச் சுடுவதும் நிலாவைச் சுடுவதும் ஒன்று என்பது அவர் கணக்கு. குறி தவறும் என்று தெரிந்தே செய்த கருவி என்பதால், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவது போர்முறையானது. நல்ல பயிற்சியுள்ளவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார்.

அந்த மூன்று முறையும் அவர் பல் வேலை செய்யும். காகிதத்தில் சுருட்டிய தோட்டாவுக்குள் மருந்தும் குண்டும் இருக்கும். தோட்டாவின் நுனியைக் கடித்துக் கிழி. கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் கொட்டி மூடு. மீதியைக் குழலில் கொட்டு. குண்டையும் காகிதத்தையும் போட்டுக் கம்பியால் கெட்டி. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தோட்டா என்றால் கிழிப்பதற்குப் பல் தவிர வேறு என்ன இருக்கிறது? வாயெல்லாம் வெடியுப்பின் கரிப்பு ஏறும். போர்க்களத்தில் தாகத்தால் தவித்தவர்களின் தவிப்பில் இதற்கும் பங்குண்டு. அந்தக் கடி பிற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வருவோம்.

வாத்து வேட்டைக்காரர்

அலெக்சாண்டர் ஃபோர்சைத் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் திருச்சபைப் போதகர். ஓய்வு நேரத்தில் நீர்ப்பறவை வேட்டை. கிண்ணியில் சுவாலை எழுவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் இடையில் கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் பறவைக்கு அது போதும். சுவாலையைக் கண்டதும் முங்கிவிடும். போதகருக்கு அதுதான் எரிச்சல்.

தட்டினால் வெடிக்கும் ரசாயனங்கள் அப்போது ஏற்கெனவே தெரிந்திருந்தன. எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளர் பாதரச ஃபல்மினேட்டைத் தயாரிக்கும் முறையை 1800இல் வெளியிட்டிருந்தார்; அதைப் பரிசோதிக்கப்போய்க் காயமும் பட்டிருந்தார். மருந்துக்குப் பதிலாக இதைக் குழலுக்குள் போட்டுப் பார்த்தவர்களுக்குக் குழலே வெடித்தது. ஃபோர்சைத்தின் கெட்டிக்காரத்தனம், இதைக் குண்டைத் தள்ளப் பயன்படுத்தாமல் மருந்தைப் பற்றவைக்க மட்டும் துளியளவு பயன்படுத்தியதில் இருந்தது. கல்லும் எஃகும் கிண்ணியும் தேவையில்லை. குதிரை தட்டினால் போதும்.

1806இல் லண்டன் கோபுரக் கோட்டையில் அவருக்கு ஒரு பணிமனை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு படைத்தளவாடத் துறைக்குச் சாத்தம் பிரபு தலைவராக வந்தார். போதகரை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை வாங்கிக்கொண்டு வேட்டைத் துப்பாக்கி வியாபாரத்துக்குப் போனார். வேட்டைக்காரர்கள் தட்டு முறைக்கு உடனே மாறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரசாயனத் துளியை அடைத்த செப்புத் தொப்பி வந்தது. வாத்தைச் சுடுகிற கனவானிடம் மழையில் வெடிக்கும் துப்பாக்கி இருந்தது. நாட்டுக்காகச் சுடுகிறவரிடம் இல்லை. இப்படியே 30 ஆண்டுகள்.

1834இல் வூல்விச்சில் அரசே ஒரு பரிசோதனை நடத்தியது. இரு வகையிலும் 6,000 முறை சுட்டார்கள். கல் துப்பாக்கி 922 முறை வெடிக்காமல் போனது; ஆறரை முறைக்கு ஒரு முறை. தொப்பித் துப்பாக்கி 36 முறை. அதற்குப் பிறகும் உடனே மாறவில்லை. நெப்போலியன் போர்களுக்காகச் செய்து குவித்த லட்சக்கணக்கான கல் மஸ்கட்டுகள் கிடங்குகளில் இருந்தன. இருக்கிற சரக்கை என்ன செய்வது என்ற கேள்வியைத் தாண்டி எந்த அரசும் எளிதில் போனதில்லை. 1830களின் இறுதியில்தான் தொப்பி முறை பிரிட்டிஷ் படைக்குள் வந்தது. 1841 அக்டோபர் 30 அன்று கோபுரக் கோட்டையின் பெருங்கிடங்கு தீப்பற்றிச் சாம்பலானது. உள்ளே இருந்த ஏராளமான பழைய ஆயுதங்களும் போயின. சான்யுவான்லி மழைக்குச் சரியாக ஐந்து மாதம் கழித்து. காகிதத்தில் முடிவாகாத கேள்வியில் கொஞ்சத்தை நெருப்பு முடித்துவைத்தது.

ஃபோர்சைத்துக்கு அரசு கைம்மாறு என்று ஏதோ செய்ய முன்வந்தது அவருடைய கடைசிக் காலத்தில். 1843இல் அவர் இறந்தார்.

ஊதுகுழலும் புரிகுழலும்

குழலுக்குள் திருகுப் பள்ளமாகப் புரி வெட்டினால் குண்டு சுழன்றபடி நேராகப் போகும் என்பது 16ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரியும். சிக்கல் கெட்டிப்பதில். குண்டு புரியைக் கவ்வ வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே செலுத்தச் சுத்தியலால் அடிக்க வேண்டும். போகும்போது தளர்வாகவும் வரும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு என்று ஒன்று உண்டா?

பிரிட்டிஷ் படையின் 34ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் அதற்கான விடையைத் தென்னிந்தியாவில் பார்த்தார். இங்கே ஊதுகுழலில் அம்பு எய்பவர்கள், அம்பின் அடியில் நெட்டி போன்ற மெத்தென்ற பொருளைப் பொருத்தியிருந்தார்கள். ஊதியதும் அது விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்ளும், காற்று வீணாகாது. அடிப்பக்கம் குழிந்த ஈயக் குண்டு செய்தால், வெடிக்கும் வேகத்தில் குழியின் ஓரம் விரிந்து புரியைக் கவ்வும் என்று நார்ட்டனுக்குத் தோன்றியது. செய்து காட்டினார். படைத்தளவாடத் துறை ஏற்கவில்லை. பிரான்சில் டெல்வீன் முதலானோர் வழியாக வளர்ந்த இதே யோசனை 1849இல் க்ளோட் எத்தியென் மினியேயின் பெயரில் குண்டாக வந்தபோது, பிரிட்டிஷ் அரசு அவருக்கு 20,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. ஊதுகுழல் செய்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

இங்கே சொல்லாராய்ச்சி தரும் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. துப்பாக்கி என்ற நம் சொல் துருக்கியின் ‘துஃபெக்’ என்பதிலிருந்து பல மொழிகளைக் கடந்து வந்தது. அந்தத் துருக்கிச் சொல்லின் மூலம் பழந்துருக்கியில் பறவை அடிக்கும் ஊதுகுழலைக் குறித்தது. ஊதுகுழலில் தொடங்கிய சொல், ஊதுகுழலிடம் பாடம் கற்ற கருவியில் வந்து நிற்கிறது.

மினியே குண்டுக்காகப் பிரிட்டன் செய்த துப்பாக்கிதான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. உள்விட்டம் 0.577 அங்குலம். தொப்பி முறை. நிலாவைச் சுடுவதாக ஹேங்கர் கேலி செய்த 200 கஜம் இதற்குப் பக்கத்து வீடு. பழைய மஸ்கட்டைவிடப் பல மடங்கு தொலைவில் ஆளை வீழ்த்தும். ஆனால் புரிக்கும் குண்டுக்கும் இடையில் முன்புபோல் தாராளமான இடைவெளி இல்லை. கரி படிந்த குழலில் குண்டு வழுக்கி இறங்க வேண்டுமானால் காகிதத் தோட்டாவின் குண்டுப் பக்கத்தில் கொழுப்பு தடவ வேண்டும். கிழிப்பதோ வழக்கம்போல் பல்லால்.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டமில், அந்தக் கொழுப்பு பசுவுடையது, பன்றியுடையது என்ற பேச்சு கிளம்பியது. அதிகாரிகள் கொழுப்பைச் சிப்பாய்களே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். கடிக்காமல் விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சி விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு சலுகையும் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஏதுமில்லை என்றால் ஏன் மாற்றுகிறார்கள்? ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் 90 பேரிடம் தோட்டாவை நீட்டினார்கள். 85 பேர் மறுத்தார்கள். அன்று நீட்டியது பழைய வகைத் தோட்டாதான். மே 9 அன்று அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் எரிந்தது.

கிளர்ச்சிக்கு மண்ணுரிமையும் வரியும் அவமானமும் என்று ஆழமான காரணங்கள் உண்டு. அதைத் தோட்டாவோடு சுருக்குவது பிழை. ஆனால் புரி, இறுக்கம், கொழுப்பு, பல் என்று ஒரு கொல்லுப்பட்டறைத் தீர்வு படிப்படியாக மதத்தின் வாசலில் வந்து நின்றதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. ஜூலை 12 அன்று ஃபத்தேபூரில் பிரிட்டிஷ் தளபதி ஹேவ்லாக்கின் படை என்ஃபீல்டுகளோடு வந்தது. எதிரில் நின்றவர்கள், தங்கள் குண்டு போய்ச் சேராத தூரத்திலேயே விழுந்தார்கள்.

அதன்பின் நடந்ததைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. சுதேசிப் படைகளுக்கென்று தனியாக ஒரு மாதிரி செய்யப்பட்டது. வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு. உள்ளே 0.656 அங்குலத்துக்குத் துளைபெருக்கி, புரியே இல்லாமல் வழுவழுப்பாக்கிய குழல். சிப்பாயின் கையில் துப்பாக்கியும் இருக்க வேண்டும், அது தொலைவில் குறி தப்பவும் வேண்டும். அடுத்த தலைமுறையிலும் ஒரு படி கீழே வைப்பதே வழக்கமாயிற்று. 1878இல் தொடங்கிய இரண்டாம் ஆப்கன் போரில் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளிடம் மார்டினி ஹென்றி என்ற புதிய துப்பாக்கி. பக்கத்தில் நின்ற இந்திய ரெஜிமெண்டுகளிடம் அதற்கு முந்திய ஸ்னைடர்.

மழைக்கு வழியில்லை

ஸ்னைடர் என்பது பழைய என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, கதவு போல் திறக்கும் ஓர் அடைப்பைப் பொருத்தியது. ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் யோசனை. பிரிட்டன் 1866இல் ஏற்றது. அதே ஆண்டு அவர் கடனோடு இறந்தார். அந்தக் கதவைவிட முக்கியம் கர்னல் பாக்ஸர் வடிவமைத்த பித்தளைத் தோட்டா. குண்டு, மருந்து, தட்டினால் வெடிக்கும் தொப்பி மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. வெடிக்கும்போது பித்தளை விரிந்து பின்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். நார்ட்டன் பார்த்த நெட்டி மறுபடியும். நிமிடத்துக்கு மூன்று முறை என்பது பத்தானது. படுத்துக்கொண்டே கெட்டிக்க முடிந்ததால் வரிசையாக நிற்க வேண்டிய தேவையும் தளர்ந்தது. 1866 ஜூலையில் கோனிக்ரெட்ஸ் போரில், பின்பக்கம் கெட்டிக்கும் பிரஷ்ய ஊசித் துப்பாக்கியின் முன் நின்று கெட்டித்த ஆஸ்திரியர்கள் இதை உயிர் கொடுத்துக் கற்றார்கள்.

திரியில் தொடங்கிய கதை இந்தப் பித்தளைக் கூட்டில் முடிகிறது என்றே சொல்லலாம். நெருப்பு வெளியிலிருந்து உள்ளே போன காலம் போய், தோட்டாவுக்குள்ளேயே குடியேறிவிட்டது. எஞ்சியிருந்தது புகை. 1884இல் பிரான்சில் பால் வியே புகையில்லா மருந்தைச் செய்தார். 1889இல் பிரிட்டன் கார்டைட் என்ற தன் வகையைச் செய்தது. இந்தியாவில் அதற்கான தொழிற்சாலை நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஊட்டிக்குப் போகும் மலைரயில் இன்றும் அதன் ஓரமாகத்தான் போகிறது. அங்கே செய்த மருந்துக்கு ஏற்ற .303 லீ என்ஃபீல்டு, ராணுவத்தைவிட்டுப் போனபின்னும் காவலர்களின் தோளில் தங்கியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில். பிரிட்டிஷ் ராணுவம் லீ என்ஃபீல்டை முதலில் ஏற்றது 1895இல்.

பழையவை என்னவாயின? 2003இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா ஆயுதக்கிடங்கிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் வாங்கிச் சென்றார்கள். பிரவுன் பெஸ்ஸிலிருந்து மார்டினி வரை தலைமுறை தலைமுறையாக அங்கே அடுக்கியிருந்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்கள் பொதுவாகக் குழலின் நீளத்தைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பொறி பதித்த இரும்புத் தகட்டைக் குனிந்து பாருங்கள். அதில் கட்டம் பிரித்த இதய வடிவக் குறி இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1808க்கு முன் செய்தது. பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால் அதற்குப் பின். சில தகடுகளில் குதிரைக்கு முன்னால் இரண்டு மூன்று துளைகளை ஆணியால் அடைத்து ராவியிருப்பார்கள். எஃகுத் தகடும் அதன் வில்லும் கிண்ணியும் இருந்த இடம் அது; பின்னாளில் யாரோ ஒரு கொல்லர் அவற்றைக் கழற்றிவிட்டுத் தொப்பி முறைக்கு மாற்றியிருக்கிறார்.